சென்னியப்பனின் இரண்டாம் நகர்த்தல்

உடுமலைப்பேட்டை தபாலாபீஸ் வீதியில், காதர் பாயின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த சதுரங்க மன்றத்தில், ஆடிக்காற்று ஜன்னல்களைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த வசந்தாமணி தன் இரண்டாவது நகர்த்தலாக ஒரு வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டுக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினாள். எதிரே உட்கார்ந்திருந்த கோழித்தீவன வியாபாரி சென்னியப்பன் அதைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை பலகைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. அந்தக் கை கீழே இறங்கி முடிப்பதற்குள் ஊரில் டைப்ரைட்டர்கள் ஒழிந்து கம்ப்யூட்டர்கள் வந்தன, தெற்கே காடெல்லாம் காற்றாலைகள் முளைத்தன, வீதியில் நின்ற புளியமரங்கள் போய் நடுவில் சிமென்ட் தடுப்பு வந்தது, வசந்தாமணிக்குத் தலை நரைத்தது.

சென்னியப்பன் வேகத்துக்குப் பேர்போனவர். காயை வைக்கிற சத்தமும் கடிகாரத்தைத் தட்டுகிற சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டு வருவதற்கு முன்பே சம்மதம் சொன்னவர். பாட்டன் சம்பாதித்த தோட்டத்தை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விற்றவர். மகள் பிறந்தபோது யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே தாரணி என்று பேர் வைத்தவர். மன்றத்தில் ஒரே பெண்ணான வசந்தாமணி மற்ற எல்லாரையும் ஜெயிப்பாள், அவரிடம் மட்டும் தோற்பாள். தோற்றதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே பஸ் பார்த்துக்கொண்டு நிலக்கடலை உரித்துத் தின்பாரே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

அன்றைக்குக் காலையில் அவள் காதர் பாயிடம் சொல்லியிருந்தாள்: "பாய், இன்னைக்கு அந்த மனுஷனை ஒரு நிமிஷமாச்சும் நிறுத்திக் காட்டறேன் பாருங்க."

அதற்காக மாதக்கணக்கில் வீட்டில் தனியாக ஆடிப் பார்த்துவைத்திருந்த ஓப்பனிங் அது. கிங்ஸ் கேம்பிட் என்பார்கள். ராஜாவுக்குக் காவலாக நிற்கிற சிப்பாயையே முன்னால் தள்ளி, இந்தா எடுத்துக்கொள் என்று எதிராளிக்கு நீட்டுகிற ஆட்டம். எடுத்தால் ஒரு காய் லாபம், ஆனால் அவன் எடுக்கிற அந்த இடைவெளியில் வெள்ளைப் படை முழுசும் வழி திறந்து பாயும். எடுப்பதா, விடுவதா? அந்தக் கேள்விக்கு முன்னால்தான் சென்னியப்பன் நின்றுபோனார்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் காதர் பாய் வந்து தோளைத் தட்டி, "என்னப்பா சென்னியப்பா, கண்ணைத் தொறந்துட்டே தூங்கறியா?" என்றார். தோள் சூடாக இருந்தது, கண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது, உதட்டோரத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது, அவ்வளவுதான். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தவர் விரலை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். விரலில் மூச்சுப் படவில்லை. 

டாக்டர் வந்தார். மணிக்கட்டைப் பிடித்தவர் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "உசுரு இருக்குதுங்க. ஆனா ரொம்ப நிதானமா இருக்குது" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கியபோது, டாக்டரின் விரலுக்குக் கீழே இருந்த அந்த நிதானமான துடிப்பும் நின்றது. "வைங்க! வைங்கய்யா கீழ!" என்று அவர் போட்ட கூச்சலில் தூக்கியவர்கள் சட்டென்று கீழே வைத்தார்கள், நாற்காலிக் கால் பழைய இடத்தில் பட்டதும் துடிப்பு திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அவரைத் தூக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சென்னியப்பனின் மனைவி ரங்கநாயகி இடுப்பில் குழந்தையோடு மாடிப்படி ஏறி வந்தாள். புருஷனைத் தொட்டுப் பார்த்தாள், கூப்பிட்டுப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டு, வசந்தாமணிக்கு முன்னால் வந்து நின்று கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"என்ன பண்ணுனே என்ற மாமனை?"

"ஒரு காயைத்தானுங்க்கா நகர்த்துனேன்."

"அப்ப அதைத் திருப்பி வெய்யி. எங்கிருந்து எடுத்தயோ அங்கயே வெச்சுத் தொலை."

வசந்தாமணி அந்தச் சிப்பாயைப் பிடித்து இழுத்தாள். அது பலகையிலிருந்து முளைத்ததுபோல் நின்றது. தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் ஆட்டம் முடியுமே என்று தன் ராஜாவைச் சாய்த்துப் பார்த்தாள், சாயவில்லை. காதர் பாய் பிடித்து இழுத்தார், சைக்கிள் கடையிலிருந்து கொறடு வந்தது, ஒன்றும் அசையவில்லை. கருப்பு நகர்த்துகிற முறை, கருப்பு நகர்த்துகிறவரைக்கும் அந்தப் பலகையில் வேறு எதுவும் நகராது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் மெல்லப் புரிந்தது. கடிகாரம் மட்டும் சாவி கொடுக்காமலே டிக் டிக்கென்று ஓடியது. முள் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ரங்கநாயகி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வசந்தாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷமாவது நிறுத்திக் காட்டுகிறேன் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

ஊர் என்ன செய்யும்? கொஞ்ச நாள் வாயைப் பிளந்து பார்த்தது. பழனிக்குப் போகிற பஸ்கள் தபாலாபீஸ் வீதியில் நின்று போயின, போலீஸ் வந்து காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது, பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள். அப்புறம் மழை வந்தது, மக்காச்சோளம் அறுப்புக்கு வந்தது, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது; போகும்போது சென்னியப்பனையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு போனது. எடுப்பார் என்று ஒரு கட்சி, விடுவார் என்று ஒரு கட்சி உண்டாயிற்று. எடுப்புக் கட்சி வீட்டில் விடுப்புக் கட்சிக்காரர்கள் பெண் எடுக்கத் தயங்கினார்கள். வீடு வாங்குகிறவர்கள், சம்பந்தம் பேசுகிறவர்கள், பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகள் எல்லாரும் முடிவு சொல்வதற்கு முன்னால் மாடியேறி வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவசரக்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். "சென்னியப்பன் யோசனை பண்றான்" என்றால் உடுமலையில் இன்றைக்கும் அர்த்தம் தெரியும். காதர் பாய் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டியபோது அந்த அறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு அதைச் சுற்றியும் மேலேயும் கட்டினார். கொத்தனார்கள் அவர்மேல் தூசி விழாமல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசி வேலை செய்தார்கள். ஒவ்வொரு ஆடிக்கும் ஊரிலிருக்கிற தகரமெல்லாம் பறந்தது. பலகையில் ஒரு சிப்பாய்கூடச் சாயவில்லை.

சென்னியப்பனுக்கு முடி வளரவில்லை, சுருக்கம் விழவில்லை. பசியும் இல்லை. ஒரு தடவை மூச்சு இழுத்துவிட அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. கை மட்டும், தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல், எப்போதாவது வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

தினமும் பார்த்தவர்கள் இரண்டு பேர். தீவனக் கடையைத் தானே ஏற்று நடத்திய ரங்கநாயகி மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து புருஷனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்காருவாள். வசந்தாமணி இன்ஸ்டிடியூட்டை முடித்துக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்காருவாள், எந்த நிமிஷம் அவர் காயை வைத்தாலும் எதிரில் ஆள் இருக்க வேண்டுமல்லவா. தாராபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஒரு சிப்பாயைத் தள்ளி ஓர் ஆம்பளையை உறைய வைத்தவள் இவள்தான் என்று தெரிந்ததும் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. முதல் சில வருஷங்கள் இரண்டு பெண்களும் ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறகு ஒருநாள் ரங்கநாயகி தூக்குப்போசியைத் திறந்து, அவளைப் பார்க்காமலே, "தக்காளிச் சோறு இருக்குது, உண்ணு" என்றாள். அன்றிலிருந்து பேச்சு உண்டாயிற்று.

"உனக்குத் தெரியுமா வசந்தா," என்று ரங்கநாயகி சொல்வாள், "இந்த மனுஷன் ஆயுசுல ஒரு நாளும் நின்னு யோசிச்சதில்லை. என்னைக் கட்டறப்பக் கூட யோசிக்கல. இப்ப எல்லாத்தையும் சேர்த்து வெச்சு யோசிக்கறாரு. என்னைப் பத்தி, புள்ளையைப் பத்தி, அந்தத் தோட்டத்தைப் பத்தி. முடிச்சுட்டு எந்திரிச்சா வேற ஆளா இருப்பாரு பாரு."

அதை அவள் மகளுக்கும் சொல்லியே வளர்த்தாள். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வெளியூரில் இருக்கிறார்கள், உன் அப்பா யோசனையில் இருக்கிறார், நம்மைப் பற்றித்தான் என்று. தாரணி வளர்ந்து, படித்து, கல்யாணத்துக்கு நின்றபோது, அப்பா முன்னால்தான் தாலி ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பனின் இமைகள் மூடியிருந்தன. அவருக்கு ஒருமுறை இமைக்க ஒரு பருவம் முழுசும் ஆகும். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள், ஜோசியர் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார், கண் திறந்த பிறகு மன்றத்திலேயே, பலகைக்குப் பக்கத்திலேயே கெட்டிமேளம் கொட்டியது. செக்கச் சிவந்த பட்டுடுத்திய மகள் அந்தக் காலில் விழுந்து எழுந்தபோது அழாதவர்கள் யாரும் இல்லை. வசந்தாமணி ஓரமாக நின்று, இதெல்லாம் நான் தள்ளிய ஒரு காயால் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகும் வருஷங்கள் போயின. கரண்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தபோது, டக் டக்கென்று இரண்டு சத்தம் ஒன்றாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் நீட்டிய வெள்ளைச் சிப்பாய் பலகையில் இல்லை. அது நின்ற இடத்தில் கருப்புச் சிப்பாய் நின்றது. அவள் பக்கத்துக் கடிகாரம் ஓட ஆரம்பித்திருந்தது.

"எடுத்தாச்சு. ஆடுங்" என்றார் சென்னியப்பன், ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

வசந்தாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மூலையில் சாய்வு நாற்காலியில் கிடந்த காதர் பாய், எண்பதைத் தொட்ட மனிதர், எழுந்தது எப்படியென்று அவருக்கே தெரியாது. "யா அல்லா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே கடையிலிருந்தவன் என்னவோ ஏதோவென்று ஓடி வந்து பார்த்துவிட்டு வந்த வேகத்தில் ரங்கநாயகி வீட்டுக்கு ஓடினான்.

சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "புளியமரத்தை எப்ப வெட்டுனாங்க?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவர், எதிரிலிருந்த நரைத்த தலையைப் பார்த்துச் சட்டென்று எழப்போனார். "நீங்க யாருங்க்கா? வசந்தாமணி எந்திரிச்சுப் போயிருச்சா? ஆட்டத்துல இருக்கறப்ப இப்படி உக்காரக்கூடாதுங்."

"எந்திரிக்காதீங்கண்ணா!" என்று அலறினாள் வசந்தாமணி. "நான்தானுங்க அது. நான்தான் வசந்தாமணி."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, அவள் கண்ணைப் பார்த்தார், சுவரைப் பிடித்து நிற்கிற கிழவரைப் பார்த்தார், மேலே தொங்கிய புது மின்விசிறியைப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் ரத்தம் வற்றி வெளிறியது. "போங்க்கா, வெளையாடாதீங்க" என்று அவர் சொன்னபோது அந்தக் குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது.

அதற்குள் படிக்கட்டு நிறைய ஆட்கள். எடுப்புக் கட்சி, விடுப்புக் கட்சி எல்லாம் ஒரே மூச்சாக ஏறி வந்து, எடுத்த காயைப் பார்த்தும் யாரும் சந்தோஷப்படாமல், பேயறைந்த மாதிரி நின்றது. கூட்டம் விலகி வழி விட்டது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி ரங்கநாயகி வந்தாள்.

சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்து, இரண்டு கையையும் குவித்தார். "வாங்கத்தே. ஊர்லிருந்து எப்ப வந்தீங்க? நாயகி எங்கீங்? இவீங்க என்னென்னமோ சொல்லறாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

 வசந்தாமணி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கட்டிய புருஷன் தன்னை மாமியார் என்று நினைத்துக் கும்பிடுவதை ரங்கநாயகி பார்த்தாள். அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து, வழக்கம்போல ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்தாள். "எங்கம்மா செத்து வெகுகாலம் ஆச்சுங் மாமா. நான்தான். யோசிச்சு முடிச்சுட்டீங்களா?"

அந்தக் குரலில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் கை அவள் கன்னம்வரை போய், தொடாமல் நின்றது. "நான் எங்க நாயகி யோசிச்சேன்? கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்துட்டனே. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது?"

கன்னத்தில் அறை வாங்கிய அந்த நாளில்கூட வசந்தாமணிக்கு அப்படி வலித்ததில்லை. ரங்கநாயகி அருகிலிருந்த பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே யோசிக்கலீங்களா? என்னைப் பத்தி, தாரணியைப் பத்தி? ஒரு நிமிஷங்கூடவா?"

ஆயுசில் முதல் தடவையாகச் சென்னியப்பன் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவளுடைய நரைத்த முன்முடியையும், தேய்ந்த தோட்டையும், வீங்கிய முழங்காலையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண் ஓரிடத்தில் நின்றது. வாய் பாதி திறந்து நின்றது. வாசலில் நின்ற ஒருத்தர், "அய்யோ, மறுக்காவும் போயிட்டாருங்க!" என்று கத்தினார், கூட்டம் பதறியது, "யோசிக்காதீங்க! சென்னியண்ணா, யோசிக்காதீங்க!" என்று வசந்தாமணி மேசையைத் தட்டினாள்.

"சும்மா இருங்க எல்லாரும்," என்றாள் ரங்கநாயகி. "யோசிக்கட்டும். விடுங்க."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். துடிப்பு நிற்கவில்லை, நிதானமாகவும் இல்லை; அவளுடைய விரல்களே ஆடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "கையை எறக்கறப்போ செவப்பா ஒண்ணு கண்ணுல மின்னுச்சு நாயகி. காத்துல எதோ துணி பறக்குதுன்னு நெனச்சேன்."

"அது தாரணி கல்யாணமுங்."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. அவருக்கு வயசு முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது, அந்த வயசுக்காரனின் முழு பலத்தோடு அழுதார். பிறகு, "வூட்டுக்குப் போலாம்" என்று எழப்போனார். எழப்போனவர் நெஞ்சைப் பிடித்தபடி திரும்ப உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்தது.

ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பது வசந்தாமணிக்கு மட்டும்தான் உறைத்தது. இப்போது வெள்ளையின் முறை. அவள் பக்கத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கை தன்னை அறியாமல் குதிரையின்மேல் போயிற்று, காய் அசைந்து கொடுத்தது. அந்தக் குதிரையை எங்கே வைப்பது, அதற்கு அவர் என்ன ஆடுவார், அதற்கு அவள் என்ன ஆடுவாள் என்று அத்தனை வருஷமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் ஆடித் தீர்த்திருந்தாள். இந்த மனிதரை ஜெயிக்கிற ஆட்டம் அவள் விரல் நுனியில் இருந்தது. ஆடியிருந்தால் ஜெயித்துத்தான் இருப்பாள்.

குதிரையை விட்டுவிட்டு ராஜாவைத் தொட்டாள். அது லேசாகச் சாய்ந்து, உருண்டு, பலகையின் ஓரத்தில் போய் நின்றது. கடிகாரம் ஓய்ந்தது.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கண்ணா. எந்திரிங்க."

"ஒரு சிப்பாய் போனதுக்கேவா?" என்றார் சென்னியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"ஆமாங்" என்றாள் வசந்தாமணி.

அவர் எழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. ரங்கநாயகி போகிற போக்கில் வசந்தாமணியின் பக்கத்தில் நின்று, முன்பொரு நாள் தான் அறைந்த அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள்.

வசந்தாமணி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். வீதி முழுக்க ஆட்கள், பஸ்கள் நின்றிருந்தன, ஹாரன் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. முப்பது சொச்சம் வயசு ஆண் ஒருவரும் அறுபதை நெருங்கிய பெண் ஒருத்தியும் கைகோத்துக்கொண்டு சைக்கிள் கடையிலிருந்து வெளியே வந்தார்கள்; பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியதோ அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடுவிலிருந்த சிமென்ட் தடுப்பில் ஆள் போகிற சந்து வந்ததும் சென்னியப்பன் வழக்கமான வேகத்தில் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார். போனவர் திரும்பிப் பார்த்தார். ரங்கநாயகி இந்தப் பக்கம் நின்று, வலிக்கிற காலைத் தூக்கி வைப்பதா, நல்ல காலைத் தூக்கி வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டினார்; நீட்டியபடியே, ஒரு வார்த்தைகூடச் சொல்லி அவசரப்படுத்தாமல், அவள் ஏறி வருகிறவரைக்கும் நின்றார்.